ழ வராத ரசிகர்

எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் பிழைக்க நினைப்பவன் முதலில் பழக வேண்டியது வாசிப்பதை அல்ல, விளக்கம் சொல்வதை. ‘இது என்ன தம்பி, வீணையா?’ என்பதில் தொடங்கி ‘அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?’ என்பது வரைக்கும் கைவசம் பதில் இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு பாட்டோ கதையோ புது மாதிரிப் பலகாரமோ செய்து வைத்துவிட்டு, எவனாவது கேட்பானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பாவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கூட்டம்.

முக்கால் ஜல்லி

எங்கள் ராக் பேண்டுக்குக் ‘கருங்கல்’ என்று பெயர் வைத்தது நான்தான். மலைக்கோட்டைக்கு மரியாதை செய்த மாதிரியும் ஆயிற்று, ராக்குக்குத் தமிழ் கண்டுபிடித்த மாதிரியும் ஆயிற்று என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டும் கிட்டாரும் நான். டிரம்ஸ் ஆரோக்கியம். அவன் பகலில் பூட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுவான், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பான், மிச்ச நேரமெல்லாம் என்னோடுதான். மற்ற வாத்தியத்துக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள், கல்யாணம் ஆனதும் காணாமல் போவார்கள். ஆக, பேண்ட் என்றால் நாங்கள் ரெண்டு பேர்.

‘கருங்கல் – கேட்டால் அதிரும்’ என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் நம்பரோடு பேனர் கட்டினோம். மறுநாள் காலையிலேயே போன் அடித்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், மரியாதையான குரல், வீடு கட்டுகிறாராம், முக்கால் ஜல்லி ரெண்டு லோடு வேண்டுமாம். நான் பொறுமையாக நாங்கள் கல் குவாரி இல்லை, சொந்தப் பாட்டு பாடுகிற குழு, இன்ன மாதிரி இசை என்றெல்லாம் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவரும் ‘உம்’ கொட்டிக் கேட்டார். முடிவில் சொன்னார்: “ரொம்ப நல்லதுங்க. பாட்டை நீங்க பாடுங்க. ஜல்லிக்கு மட்டும் வேற நம்பர் ஒண்ணு இருந்தாக் குடுங்க.”

ஊதுறவங்க எங்க?

அகரத்தில் ஒரு காதுகுத்து. ‘பேண்டு செட்’ வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தேன். போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, தாய்மாமன் சீர்வரிசை ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். டிரம்ஸ் எப்படி நடக்கும்? நான் முறைத்துக்கொண்டு, திரும்பிப் போகலாம் என்றேன். ஆரோக்கியம்தான் சீர்த்தட்டு இறக்கிய குட்டியானை வண்டியைக் கேட்டு வாங்கி, டிரம்ஸையும் ஜெனரேட்டரையும் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தான். பின்னால் வயரோடு வயராக நான் நடந்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டிரம்ஸின் சிம்பல் தட்டு தானாக அடித்துக்கொண்டது. அவன் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டான். நான் தெரு முழுக்க உர்ரென்று வந்தேன்.

முடிந்ததும் தாய்மாமன் என்னிடம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குறை சொல்கிற மாதிரி இல்லாமல் தன்மையாகத்தான் கேட்டார்: “வண்டியில உக்காந்திருந்த தம்பி பிரமாதம். ஆமா, நீங்க எதுக்கு வந்தீங்க?”

துண்டுச்சீட்டு

திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுத்தான் பாட வேண்டும். ஜனங்கள் வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி மைக் செட் அண்ணனிடம் கொடுப்பார்கள். அவர் கொண்டுவந்து என் காலடியில் வைப்பார். நான் பெயரை வாசித்துவிட்டுப் பாடுவேன். என் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது, ‘மழைக்கு முன்னாடி’. தகரக் கொட்டகை மேல் முதல் நாலு துளி விழுகிற மாதிரி ஆரோக்கியத்தின் டிரம்ஸ் மட்டும் தொடங்கும், அப்புறம்தான் கிட்டார். அதை யாராவது கேட்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. சின்னாளபட்டியில் ஒரு சாயங்காலம் அந்தச் சீட்டு வந்தே வந்துவிட்டது. ‘மளைக்கு முன்னாடி பாட்டு பாடவும். செல்வி, சின்னாளபட்டி.’

எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே, அதற்காக வாயை விட்டேன். ‘பாட்டை ரசிக்கிறீங்க, சந்தோசம். ழ எங்க போச்சுன்னு தேடிட்டு அடுத்த சீட்டை எழுதுங்க. மளை பெஞ்சா குடை பிடிக்கலாம், தமிழ்க் கொலைக்கு எதைப் பிடிக்கிறது?’ என்று மைக்கிலேயே சொன்னேன். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு டிரம்ஸ் ஒரு நொடி தாமதமாகத்தான் தொடங்கியது. கீழே இறங்கியதும் மைக் செட் அண்ணன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “கேட்டதே ஒரு ஆளு. அவரையும் கேலி பண்ணிட்டீங்களே தம்பி.”

அட்டைப்பெட்டி

அதற்கப்புறம் போகிற ஊரிலெல்லாம் ஒரு சீட்டு வந்தது. ‘தொப்பம்பட்டி நண்பர்கள்.’ ‘தாடிக்கொம்பு ராணி டீச்சர்.’ எல்லாவற்றிலும் ‘மளை’தான். டீச்சர்கூட ளகரமா என்று ஒரு நிமிஷம் இடித்தது. எழுத்தும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தது. மைக் செட் அண்ணன் கேட்டுக் கேட்டு எழுதுகிறார் போல என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆசைப்பட்டவனுக்குக் காரணமா கிடைக்காது? சீட்டையெல்லாம் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தேன்.

பெட்டி நிறைந்தபோது தலைக்கனமும் நிறைந்துவிட்டது. ஒருநாள் பெட்டியை ஆரோக்கியத்தின் முன்னால் கவிழ்த்தேன். ‘பாருடா, இம்புட்டுப் பேரு. பாட்டைத்தான் கேக்குறாங்க, பேண்டை இல்ல. நான் தனியாப் போறேன்’ என்றேன். மதுரையில் போய் ரெக்கார்டிங், தாளத்துக்குக் கம்ப்யூட்டர், பெயர் என்னுடையது மட்டும், எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னேன். அவன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பெட்டியில் போட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் சமாதானமும் ஆகியிருக்கும். அவன் சொன்னது இவ்வளவுதான்: “சரிடா மாப்ளே. பஸ்ஸுல போறப்ப கிட்டார மேல போட்டுராத, மடியில வச்சுக்க.”

டேபிள் நாலு

தனியாகப் பாடிய பாட்டை நெட்டில் ஏற்றினேன். அக்கா பார்த்தாள், அத்தான் பார்த்தார், நான் பலமுறை பார்த்தேன். கம்ப்யூட்டர் போட்ட அந்த நாலு துளி, குழாய் ஒழுகுகிற மாதிரி இருந்தது. யாரிடம் சொல்வது? தனியாக மூன்று திருவிழாவில் பாடினேன். பழைய மைக் செட் அண்ணன்தான், அதே ஊர்கள்தான். ‘மளை’ என்று ஒரு சீட்டுகூட வரவில்லை. ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்று ஊரைத் திட்டினேன்.

கடைசியில் ஒரு பிரியாணிக் கடைத் திறப்பு விழாவில் ஓரமாக நின்று பாடுகிற நிலைமைக்கு வந்தேன். நான் பாடுவதும் ‘இங்க ஒரு தால்ச்சா’ என்று சாப்பிட வந்தவர்கள் கூப்பிடுவதும் மாறி மாறி நடந்தது. அப்போது ஐம்பது வயது சப்ளையர் ஒருவர் வேகமாக வந்து, என் ஸ்பீக்கர் மேல் ஒரு சீட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்து எடுத்தேன். ‘டேபிள் 4, மட்டன் 2, சுக்கா 1.’ அதற்குள் அவர் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து, சங்கடத்தோடு சீட்டை என் விரலிலிருந்து உருவிக்கொண்டார்: “சார், அது உங்களுக்கு இல்ல. கிச்சனுக்கு.”

கட்டாயம் வந்துரு

போன மாதம் ஆரோக்கியம் கடையிலிருந்து ஒருவர் மூலமாகப் பத்திரிகை கொடுத்தனுப்பியிருந்தான். மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற சடங்கு, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. எங்களுக்குள் எப்போதும் போன்தான், அவன் கையெழுத்தை நான் பார்த்ததே கிடையாது. கவரின் மேல் சாய்வாக எழுதியிருந்தான்: ‘வெயிலோ மளையோ, கட்டாயம் வந்துரு மாப்ளே.’ நான் அந்தக் கவரோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அட்டைப்பெட்டியை எடுத்து ஒவ்வொரு சீட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செல்வி, நண்பர்கள், ராணி டீச்சர், எல்லாரும் ஒரே ஆள். எத்தனை பேர் முன்னால் அவனைத் தமிழ்க் கொலைகாரன் ஆக்கினேன். அதே சீட்டுகளைக் காட்டித்தானே அவனை விட்டும் போனேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

விருந்துக்குப் போனேன். வெள்ளை கவுன் போட்ட மகளைக் கூப்பிட்டு, ‘அப்பாவோட பேண்ட் மாமா’ என்று அறிமுகம் செய்தான். பேருக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு தடவை சேர்ந்து வாசிப்போமா என்று கேட்டேன். டிரம்ஸை நான் தனியாகப் போனபோதே சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டானாம். இப்போது தோள்பட்டை வலி, பாடகர் குழுவில் பாடுவதோடு சரி என்றான். சட்டைப் பையிலிருந்து சின்னாளபட்டிச் சீட்டை எடுத்து நீட்டினேன். சிரித்தான். என் மனசு உடைந்துவிடக் கூடாதென்று பொய்யாக எழுதினாயா என்று கேட்டேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “பொய் எங்கடா? எனக்கு நெசமாவே கேக்கணும் போல இருந்துச்சு. பேரை மட்டும்தான் மாத்திப் போட்டேன்.”

இத்தனை வருஷ மேடை வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ரசிகர் ஒரே ஒருத்தர், அவரையும் நான் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.