வலப்பக்கத்து நிக்கல் பட்டி

மாமாவின் பிக்கப்பில் வலப்பக்கமாக, பின்பலகையிலிருந்து சாரதிக் கதவின் கைப்பிடி வரைக்கும் ஓடிய நிக்கல் பட்டி மட்டும் அன்று வெயிலில் மின்னியது. சந்தை வாசலில் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். இடப்பக்கத்துப் பட்டி உப்புக் காற்றில் புள்ளி விழுந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. வலப்பக்கத்திலும் கைப்பிடிக்கு முன்னால் இருந்த துண்டு அப்படித்தான். இடையில் அந்த ஒரு நீளம் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல. மாமாவுக்குப் பஞ்சி, மினுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்த நொடியில்தான் யோசனை பிறந்தது. எல்லாப் பட்டிகளையும் கழற்றி, அடியில் ஒளிந்திருக்கும் துருவைச் சுரண்டி, பெயின்ற் பூசி, மினுக்கித் திரும்பப் பூட்டிவிட வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. சல்லிக் கிராமத்துக் கரையில் விடியற்காலையில் மீன் ஏற்றித் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுபோவது அவர் தொழில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எனக்குப் பாலையூற்றில் எங்கள் வீட்டில் கால் தரிக்கவில்லை. சல்லிக்குப் போய் அவருடனேயே தங்கிவிட்டேன். பதினெட்டு முடிந்த கிழமையே வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்தவன் நான். ஆனாலும் மாமா ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்க மாட்டார். இடப்பக்கம் ஏறியிருந்து கதைப்பதுதான் எனக்கு விட்ட வேலை.

"அது ஆரடா, வேலியோரம்?" என்பார்.

"தபால்காரர், மாமா."

"சைக்கிளில ஏறியிருக்கிறாரோ, உருட்டுறாரோ?"

"உருட்டுறார். பக்கத்தில ஒரு ஆடும் நிக்குது. அதுக்கும் சுகம் விசாரிக்கட்டோ?"

"விசாரி. ஆடெண்டாலும் ஊர்ச்சனம்தானே."

சந்தையில் அவருக்கு ஊர்ப்புதினக்காரர் என்றே பெயர். எனக்குக் கதைப்பதில் அலுப்பே இல்லை. போகிற வழியெல்லாம் யார் நிற்கிறார், எது குறுக்கே வருகிறது என்று வானொலிக்காரனைப்போல ஒப்பித்துக்கொண்டே போவேன்.

ஈச்சிலம்பற்றில் மாமியின் பக்கத்துச் செத்தவீடு ஒன்று வந்தது. மாமாவும் மாமியும் இரண்டு மகள்மாருமாகப் பஸ்ஸில் போனார்கள். திரும்ப இரண்டு நாளாகும் என்றார்கள். பஸ் வளைவில் மறைவதற்குள் நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். கதவுப் பட்டியின் ஓரத்தில் ஸ்குறூ டிறைவரைக் கொடுத்து நெம்பியதும் முதல் கிளிப் 'டிக்' என்று முறிந்தது. பெயின்றிலும் நீளமாக ஒரு கீறல். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. முறிந்த கிளிப்புக்கு மாற்றுக் கிளிப் திருகோணமலை முழுக்கத் தேடினாலும் கிடையாது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மரச்சீவல் ஒன்றைச் செதுக்கி, துணி சுற்றி, கிளிப்புக்குக் கிட்டவாக வைத்து விரல் விரலாக எழுப்பினேன். பின்பெட்டியின் பட்டிகளை உள்ளிருந்து திருகாணிகளின் சுரைகள் பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சக்கரத்தின் மேல் வளைவுக்குள் கையை நுழைத்துத் திருகினேன். பட்டிகளுக்கு அடியில் உப்பும் மணலும் மீன் செதிலும் வருடக் கணக்காகச் சேர்ந்து கட்டியாகிக் கிடந்தன. சுரண்டிக் கழுவிப் பெயின்றும் பூசியபோது இரண்டாம் நாள் பொழுது சாய்ந்துவிட்டது. பட்டிகளை வரிசையாகச் சாக்கில் சுற்றி வைத்தேன். பெயின்ற் காய்ந்தபிறகு பூட்டலாம். பக்கங்கள் மழமழவென்று இருந்த அழகைப் பார்த்து நானே மயங்கி நின்றேன்.

செத்தவீட்டால் வந்தவர்கள் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்கள். மறுநாள் வெள்ளாப்பில், விடிந்தும் விடியாத மங்கலில், மாமா முற்றத்துக்கு வந்தார். என்ன சொல்வாரோ என்ற ஆவலில் வேப்பமரத்தடியில் பேசாமல் நின்றேன். பின்பலகையைப் பிடித்தார். வலப்பக்கம் திரும்பி, வழக்கம்போல இடுப்பளவில் கையை வைத்தார். கை நழுவியது. மேலே தடவினார், கீழே தடவினார். இரண்டடி நடந்து நின்றார். பிறகு, அந்த முற்றத்தில் வேறு வண்டியே நின்றிராத நிலையில், கேட்டார்:

"டேய், இது ஆற்ற வண்டி?"

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "என்ன மாமா, கண் தெரியேல்லையோ?"

அவர் கை தகரத்தில் அப்படியே இருந்தது. என் சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் அசையவில்லை. அப்போதுதான் அது பகிடி இல்லை என்று எனக்கு விளங்கியது.

"நேர தெரியும்," என்றார் கடைசியில், மெல்ல. "குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி. பக்கம்தான் இல்லை. ரெண்டு வருசமா. இருட்டினா நேரயும் இல்லை. டொக்டர் சொன்னவர், போனது போனதுதானாம்."

"மாமிக்குத் தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் இறங்கினா வண்டியை விக்கச் சொல்லுவினம். பிறகு ரெண்டு பெட்டையளின்ர படிப்பு?"

நான் கேட்காமலே மேலும் சொன்னார். "போன மாசம் பாலத்தடியில ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ர குடை பக்கக் கண்ணாடியில தட்டினது. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இறங்கி ஓடிப் பாத்தன். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அண்டைக்கு நீ வரேல்லை."

நான் காய்ச்சலென்று படுத்திருந்த நாள் அது. தபால்காரரும் வேலியோர ஆடும் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்து வந்தன. அவர் கேட்டது ஊர்ப்புதினம் இல்லை. அவருக்கு இல்லாத இடப்பக்கத்தை நான் வாயால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், என்ன கொடுக்கிறேன் என்று தெரியாமலே. அந்தப் பட்டியும் மினுக்கியதால் மின்னவில்லை. மங்கலில் தன் வண்டியைச் சுற்றி நடக்க, கைப்பிடியைக் கண்டுபிடிக்க, ஒரு மனிதனின் உள்ளங்கை நாள்தோறும் தேய்த்த மினுக்கம் அது.

"நான் பூட்டித்தாறன் மாமா," என்றேன். "ஆனா இனி ஓடுறது நான்."

"சந்தையில என்ன சொல்லுறது?"

"பெடியன் பழகுறான் எண்டு சொல்லுங்கோ."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டித் திறப்பை நீட்டினார். அன்று பின்னேரம் பட்டிகளைப் பூட்டினேன். முறிந்த கிளிப்புக்குப் பதிலாகப் பழைய குடைக்கம்பியை வெட்டி வளைத்தேன். ஒவ்வொரு துளைக்கும் சைக்கிள் டியூபில் வெட்டிய வட்டம் ஒன்றை வைத்து, உப்புத்தண்ணீர் உள்ளே போகாமல் அடைத்தேன். மினுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் ஐந்து வருடங்கள் 'பழகினேன்'. பரீட்சை முடிவு வந்தது, துறைமுகத்தில் வேலையும் கிடைத்தது. விடியற்காலைச் சவாரியை முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். "தம்பி, இன்னும் பழகி முடியேல்லையோ? எங்கட எருமை இதுக்குள்ள லொறியே ஓடியிருக்கும்!" என்று சந்தையில் சிரிப்பார்கள். எதையும் ஒருநாளில் கற்றுவிடுகிறவன் என்று தலைக்கனம் கொண்டிருந்தவன் நான். முதலில் எரிந்தது. இடப்பக்கம் இருந்த மாமா எல்லோருக்கும் கேட்க, "மெதுவாத்தான் பிடிக்கிறான், ஆனா வந்திடுவான்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் கை யன்னலுக்கு வெளியே தொங்கி, கதவுப் பட்டியை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு எரியவில்லை. அந்த இரகசியத்தை மாமியிடம் அவரே சொன்னார், மூத்த மகளுக்கு ஆசிரியர் நியமனம் வந்த அன்று.

மாமா காலமாகி ஒரு வருடமாகிறது. பிக்கப்பின் பக்கத் தகரங்களைத் துரு தின்றுவிட்டதால் கராஜில் புதுத் தகரம் ஒட்டுவித்தேன். நேற்றுத்தான் வண்டி முற்றத்துக்கு வந்தது, பட்டிகள் இல்லாமல், அன்றைப் போலவே மழமழவென்று. இப்போது கடைத்தெருவில் புதுப் பட்டியும் கிளிப்பும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். கிளிப்புகளை மட்டும் வாங்கிவந்தேன். பழைய பட்டிகளைச் சுற்றி வைத்திருந்த சாக்கை அவிழ்த்துப் பார்த்தால், வலப்பக்கத்துப் பட்டி மங்கிப் புள்ளி விழுந்து கிடக்கிறது. இடப்பக்கத்துப் பட்டி, பின்பலகையிலிருந்து கதவு வரைக்கும், மின்னுகிறது.

நாளைக் காலை இடப்பக்கத்தில்தான் தொடங்கப் போகிறேன். துளைகளை அளந்து வைத்துவிட்டேன். பூட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு பின்பலகையிலிருந்து நடந்து பார்ப்பேன். கை எங்கும் தடக்காமல் கைப்பிடிக்கு வந்து சேர்ந்தால், சரியாகப் பூட்டியிருக்கிறேன்.