சுப்புத்தாயக்காவின் கைத்தட்டல்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிவெட்டப் போயிருந்தேன். வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பழக்கதோஷம். சலூன் டிவியில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு பேர் ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னயெல்லாம் சனங்க கையில மைக்கக் குடுத்துப் பேச விட்டாங்கண்ணே" என்றார் முடிவெட்டுபவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டார்களாம், விட்டு! அந்த நேரம் பார்த்து அவர் என் பிடரியில் பவுடரைப் பூசினார். அந்த வாசனை நேராக, பல வருசத்துக்கு முந்தி டிவி நிகழ்ச்சி எடுத்த ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேடையில் தொகுப்பாளருக்கு அப்பிய பவுடர் மூன்றாவது வரிசை வரை மணக்கும். பொதுமக்களும் பேசும் விவாத நிகழ்ச்சி அப்போதுதான் டிவிக்குப் புதுசு. ஆள் திரட்டுவது என் வேலை. கழுத்தில் அட்டை தொங்கிய மிதப்பில் டிவி கம்பெனியே என்னுடையது மாதிரி நடந்தேன் என்று வையுங்கள்.

தொழிலாளர் நலன் பற்றிய விவாதம். மம்சாபுரத்திலிருந்து சுப்புத்தாயக்காவைக் கூட்டி வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் மில்லில் வேலை. கூட வேலை பார்க்கும் பெண்களெல்லாம் சேர்ந்து, எங்களுக்காகக் கேட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள்.

பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ள, கேமராக்காரர் கைத்தட்டலை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வார். எங்கள் தொழில் வழக்கம் அது. "யக்கா, நல்லாச் சிரிச்சுத் தட்டுங்க" என்று சொன்னவன் நான்தான். அக்கா வெள்ளந்தியாகச் சிரித்துத் தட்டியது.

பிறகு மைக் வந்தது. எதிரே அந்த மில் முதலாளி. அக்கா குரல் நடுங்கவே இல்லை.

"பஞ்சுத் தூசியில இருமி இருமிச் சாகுறோம்யா. ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்யிதோம். எங்க மூக்குல கட்ட ஒரு முழம் கிடையாதா?"

முதலாளி தண்ணீர் குடித்தார்.

டிவியில் வந்தபோது அந்தக் கேள்வியைக் காணோம். "எங்க தொழிலாளிங்க எங்க குடும்பம்" என்று முதலாளி சொல்கிறார்; உடனே சுப்புத்தாயக்கா சிரித்துச் சிரித்துக் கைதட்டுகிறது. அடப் பாவிகளா! நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்ததே அந்த மில்தான் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டது. "ஒருத்தியும் எங்கூடப் பேச மாட்டேங்கா தம்பி. கேக்கப் போனவ கை தட்டிட்டு வந்துட்டான்னு சொல்லுதாளுக. நான் கேட்டேன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"வாரேங்க்கா" என்றேன். போகவில்லை. வேலை போய்விடும் என்று பயம். வேறென்ன, கோழைத்தனம்.

அந்த நிகழ்ச்சியின் ஒளிநாடா மேல் வேறெதையோ பதிந்துவிட்டார்கள். மில்லும் இப்போது இல்லை. சலூனிலிருந்து நேரே மம்சாபுரம் போனேன். அக்கா இறந்து வருசக்கணக்காகிறதாம். கூட வேலை பார்த்த ஒரே ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார், காது சுத்தமாகக் கேட்கவில்லை. அவர் முன்னால் குனிந்து தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்:

"சுப்புத்தாயக்கா கேட்டுச்சும்மா! நான் பக்கத்துலதான் நின்னேன். கேட்டுச்சு!"

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.