மாமா கொண்டுவந்த எண்ணெய்

மாமா மலேசியாவின் உலு திராமில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது எனக்கு எட்டு வயது. அவர் அம்மாவின் ஒரே தம்பி. அம்மா அப்பாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில், அந்தப் பக்கத்து உறவு எதுவும் அதுவரை எங்கள் வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட மாமா ஆயுத பூசையன்று காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பழமோ பலகாரமோ இல்லை. ஒரு டின் இஞ்சின் ஆயில் இருந்தது.

"ஒரிஜினல் சிங்கப்பூர் சாமான், மச்சான். இப்ப வர்ற புதுக் காருக்கெல்லாம் இதத்தான் ஊத்துறாங்க" என்று அப்பாவிடம் நீட்டினார்.

தொல்லையே அதுதான். எங்கள் கார் என்னைவிட மூத்தது. தேய்ந்த இஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெய் வேண்டும். புது வண்டிக்கான தண்ணீர் போன்ற எண்ணெயை ஊற்றினால், இடுக்கெல்லாம் கசிந்து எரிந்து புகையாகிவிடும். லாரி ஓட்டிக் குடும்பம் நடத்திய அப்பாவுக்கு இது தெரியாதா என்ன? டின்னைத் திருப்பிப் படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருந்த எண்ணெயை வடித்து, மாமா கொண்டுவந்ததைச் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினார். மாமா பெருமையாகப் புனலைப் பிடித்துக்கொண்டார்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஜொகூர் பாரு கோயிலுக்குக் கிளம்பினோம். மாமா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். நான் பின் சீட்டில் முட்டி போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வழியெல்லாம் நீலப் புகை. அதற்குள்ளிருந்து மாமா இருமிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே குஷி, கையாட்டினேன். அவர் திரும்பக் கையாட்டவில்லை.

"என்ன மச்சான், இப்படிப் புகையுது?" என்றார் கோயில் வாசலில்.

"பூசை நாளு லா, சாம்பிராணி போடுது" என்றார் அப்பா. மாமாவைத் தவிர எல்லாரும் சிரித்தோம். வேலை இருக்கிறது என்று சொல்லி, சாப்பிடக்கூட வராமல் அங்கிருந்தே போய்விட்டார். அம்மா ஆசையாகச் சமைத்து வைத்த வடை பாயசமெல்லாம் ஆறிப்போனது.

மறுநாளே அப்பா வேறு எண்ணெய் மாற்றிவிட்டார். வண்டி சரியானது, மாமாதான் வரவில்லை. போன் செய்தால் ஓவர்டைம் என்பார். தீபாவளிக்கும் வரவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா சோற்றில் வைத்த கையோடு எழுந்து போய்ப் பார்ப்பார்.

"அந்த ஆயில் நம்ம வண்டிக்கு ஆவாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்பார்.

"மொத மொத வந்த புள்ளகிட்ட எப்படிமா சொல்றது?" என்பார் அப்பா.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கையில் மறுபடியும் ஒரு டின். எங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கியது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"இது கெட்டி ஆயில், மச்சான். பழைய வண்டிக்கு இதான் சரியாம். போமேன்கிட்ட கேட்டுட்டுத்தான் வாங்குனேன்" என்றார், டின்னைப் பார்த்துக்கொண்டே. போமேன் என்றால் எங்கள் பக்கம் மெக்கானிக்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னிக்கு மாத்தலாம்னுதான் இருந்தேன்" என்று அப்பா கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

அம்மா விடுவிடென்று அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். சிங்கப்பூர் சாமானிலிருந்து தம்பி இப்படி நசுங்கிய டின்னுக்கு இறங்கிவிட்டாரே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் மாமா மேல் வருத்தம்தான்.

"அழாதீங்கம்மா. அடுத்த தடவ மாமா நல்லதா வாங்கிட்டு வருவாங்க" என்றேன்.

அம்மா அழுகையோடு சிரித்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வருவதைவிட வெட்கப்பட்டுப் போனவர் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெளியே மாமா புனலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.