மீனாட்சி வேண்டாம் என்ற குழாய்

மீனாட்சியின் கணவர் கண்ணன் போனில் அழைத்தபோது காவேரிப்பட்டினத்தில், அக்கா மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். “மீனாட்சி போயிட்டா, சாந்தி,” என்றார். பிறகு, “மூச்சுக்கு ட்யூப் போடல. டாக்டர் கேட்டாரு. வேணாம்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து வாந்தி எடுத்தேன்,” என்றார். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

ஓசூரில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த எல்லோருக்கும் மீனாட்சியைத் தெரியும். நான் நர்ஸ், அவள் நோயாளிகளின் மூச்சைப் பார்த்துக்கொள்பவள். வென்டிலேட்டரும் ஆக்சிஜனும் அவள் பொறுப்பு. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் கண்ணனோடு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கோபக்காரி. அவளிடம் திட்டு வாங்காதவர் எங்களில் யாரும் இல்லை. அவளோடு ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டு மாற்றிக்கொண்டவர்களும் இதைப் படிப்பார்கள். அதை மறைத்து எழுதினால் அவளுக்கே பிடிக்காது.

நிமோனியாவில் கிடந்த ஒரு தொழிலாளியைப் பெங்களூருக்கு மாற்ற வேண்டியிருந்த நாள் அவர்களுக்கும் நினைவிருக்கும். ஆம்புலன்ஸில் ஏறிய மீனாட்சி ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தாள். முள் பாதிக்கும் கீழே இருந்தது. மிச்சமிருக்கும் அழுத்தம் எவ்வளவு, அவருக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தேவை, எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு இறங்கினாள். “இன்னொரு சிலிண்டர் வராம வண்டி நகராது.”

“ரோடு ஃப்ரீயாத்தான் இருக்குதுக்கா, போயிர்லாம்,” என்றார் ஓட்டுநர்.

“ரோடு உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. சிலிண்டர் என் கையில இருக்கு.”

“எங்கண்ணன் செத்துக்கிட்டிருக்கான், நீ கணக்கு பாக்குறியா?” என்று நோயாளியின் தம்பி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவள் நகரவில்லை. சிலிண்டர் வந்த பிறகே வண்டி கிளம்பியது. மாநில எல்லையில் லாரிகள் அடைத்து நிற்க, அங்கேயே முதல் சிலிண்டர் தீர்ந்தது. இரண்டாவதை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தொழிலாளி பிழைக்கவில்லை. காரியம் முடிந்து தம்பி வந்தார். “ஊர்லேர்ந்து அம்மா வந்து சேர்ற வரைக்கும் உசுரு இருந்துச்சு மேடம்,” என்று மட்டும் சொன்னார். மீனாட்சி தலையசைத்தாள். அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்த ஒருவரின் மனைவி, “மாஸ்க்ல காத்து வருதே, அப்பறமும் ஏன் இப்பிடித் தவிக்கறாரு?” என்று அவளிடம் கேட்டார்.

“காத்து உள்ள போகுதும்மா. போனது ரத்தத்துல சேரணும்ல? நடுவுல வெங்காயத் தோலு மாதிரி ஒரு சவ்வு இருக்கு. கல்லுத் தூசி பட்டுப் பட்டு அது தடிச்சுப் போச்சு. எவ்வளவு ஆக்சிஜன் வெச்சாலும் கொஞ்சம்தான் அதைத் தாண்டும்.”

மீனாட்சி எந்தக் குவாரியிலும் வேலை செய்ததில்லை. ஆனாலும் அவள் நுரையீரலும் அதே போல இறுகியது. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மாடிப்படியில் இளைத்தபோது, தன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொல்லி என்னிடம் திரும்பி நின்றாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ பிரிந்து கிழிவது போன்ற ஒலி. நான் வாயைத் திறக்கும் முன், “தெரிஞ்சுபோச்சு, விடு,” என்றாள்.

மாற்று நுரையீரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். அழைப்பு வரவில்லை. கெலவரப்பள்ளி சாலையில் இருந்த அவர்கள் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு காலை என்னை வரச் சொல்லி, கண்ணன் முன்னால் சொன்னாள்: “எனக்கு ட்யூப் போடக் கூடாது.”

கண்ணன் எழுந்துவிட்டார். “எத்தனை பேருக்கு மாட்டிவிட்ட! உனக்கு மட்டும் வேணாமா?”

“அவங்களுக்கெல்லாம் கழட்டுற நாள்னு ஒண்ணு இருந்துச்சுங்க. எனக்கு இல்ல.” இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இறுகிப்போன நுரையீரல் விரியாது. காத்த அழுத்தி உள்ள தள்ளுனா கிழியும். தள்ளலேன்னா பத்தாது. நடுவுல மயக்கத்துலயே கெடக்கணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது.”

கண்ணன் என்னைப் பார்த்தார், நான் மறுப்பேன் என்று. “அவ சொல்றது சரிதாண்ணே,” என்றேன். அவர் செருப்பில்லாமல் வெளியே போய்விட்டார். அவரைக் கூப்பிட அவளுக்கு மூச்சு இல்லை. நான் போகவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளில் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். தூங்கும் முன் கண்ணனிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்டாளாம்.

இப்போது யாருக்கும் குழாய் போடும் முன், அவர் பேசும் நிலையில் இருந்தால், குனிந்து கேட்கிறேன்: “உங்களுக்கு என்ன வேணும்?” அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. அவர் சொல்வதை வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் அப்படியே சொல்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். அவர்கள் திட்டி முடிக்கும் வரை அங்கேயே நிற்கிறேன்.