ருவான்வெல்லையில் கலக்கிய பால், ஆலையில் கலக்காத தொட்டி

போன மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். தங்கச்சி செல்வி ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள். பார்த்து மூன்று வருஷம். எனக்கு வெளிநாட்டில் வேலை, பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையில். தொட்டியில் அது எவ்வளவு என்று அளப்பது நான்தான். குறைந்தால், குண்டு செய்ய யாராவது எடுத்தார்களா என்று சர்வதேசக் கண்காணிப்பாளர்கள் துருவுவார்கள்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில், மூன்றாம் வகுப்பு 200 ரூபாய். ரம்புக்கனை 8.20. இறங்கியதும் போனில் செய்தி. நான் கடைசியாக அளந்த தொட்டியில் அளவு கணக்கைவிடக் குறைகிறதாம். தொட்டிக்கு முத்திரை வைத்துவிட்டு, அன்று என்னோடு வேலையில் இருந்த ரமோனை விசாரிக்கிறார்கள். பாவம், அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

கேகாலைக்கு பஸ் 70 ரூபாய், அங்கிருந்து ருவான்வெல்லைக்கு 110. வழியெல்லாம் நல்ல பச்சை என்பார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பஜாரிலிருந்து ஆட்டோ 400 ரூபாய்.

பதினொன்றரைக்குப் பால் நிறுக்கும் கொட்டகை. விடியக்காலை மழை, வாளிகளில் தண்ணீர் விழுந்திருந்தது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மிதவையைக் கணக்கப்பிள்ளை அப்படியே இறக்கப் போனார். செல்வி வாளியை இழுத்துக்கொண்டாள்.

"கலக்கிட்டு அளங்க ஐயா. கலக்காம பாத்தா அது அளவா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே கலக்கினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று தொட்டியில் குழாய்களைக் கழுவிய அமிலத்தைச் சேர்த்த பிறகு ஒரு மணி நேரம் காற்றடித்துக் கலக்க வேண்டும். எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இருபது நிமிஷத்தில் நிறுத்தி மாதிரி எடுத்தேன். சரியாகக் கலக்காத அமிலம் மாதிரியில் வந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். ரமோனுக்கு அது தெரியாது.

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. மேலே கோயிலடிக்கு ஏறி மேலாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகக் கலக்கித் திரும்ப அளக்கச் சொன்னேன்.

மறுநாள் நாலு மணிக்குக் கோயிலடியில் நின்றபோது ரமோனே போன் போட்டான். அளவு சரி, ஒன்றும் காணாமல் போகவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றான். அப்பாடா. செல்வி வைத்த கருவாட்டுக் குழம்பில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: குடை எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பால் நிறுப்பதைப் பார்க்க மதியத்துக்கு முன் போய்விடுங்கள். விமானம் ஏறும் நாளில் மட்டும் எந்த வேலையையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். வரும் திங்கட்கிழமை, சரியாகக் கலக்காமல் அளந்ததற்கான விசாரணையில் ரமோனின் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். வேலை போனாலும் போகட்டும். அவன் வீட்டில் இருப்பான்.