பீப்பாயை நிரப்பிய எலியெத்

பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் வெள்ளை ஒயின் குப்பியைக் கையில் எடுத்ததும், "நிரப்பினதா, நிரப்பாததா?" என்று கேட்பது வழக்கம். இந்த ஊரில் மட்டும் அப்படிக் கேட்டுவிட்டு எல்லோரும் எலியெத்தின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். முப்பத்தேழு வருஷமாகப் பார்க்கிறார்கள்.

எலியெத் பக்கத்து மாகாணமான பர்கண்டிக்காரி. பீப்பாய் செய்பவரின் மகள். பிறந்த வீட்டில் பீப்பாயில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தாலும் மானக்கேடு. காற்றுப் பட்டால் ஒயின் புளித்துவிடும் என்று சனிக்கிழமைதோறும் ததும்ப நிரப்புவார்கள். வாழ்க்கைப்பட்ட ஊரில் எல்லாம் தலைகீழ். மஞ்சள் ஒயின் பீப்பாயில் ஆறு வருஷம் மூன்று மாதம் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. ஒயின் வற்ற வற்ற, மேலே பாலில் ஏடு படிவதுபோல ஒரு படலம் கட்டும். அந்த மஞ்சள் நிறமும் அக்ரூட் மணமும் அதன் அடியில்தான் ஊறும். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது சொல்வார்களா? கல்யாணத்துக்கு முன் ரெஜிஸ் எழுதிய கடிதங்களில் மலை இருந்தது, பனி இருந்தது, அவளுடைய கண்கள் இருந்தன. பீப்பாய் இல்லை.

மாமனார் அன்செல்ம் கல்யாணப் பரிசாக ஒரு வருஷம் ஊறிய மஞ்சள் ஒயின் பீப்பாய் ஒன்றைக் கொடுத்தார். "இது நல்ல மஞ்சளா வரட்டும். மேட்டுத் தோட்டத்தை உங்க பேருக்கே எழுதி வச்சுடறேன்" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் எலியெத் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். அன்று இரவுச் சாப்பாட்டில் பெருமை தாங்காமல் சொன்னாள்.

"மாமா, உங்க பீப்பாயெல்லாம் இப்படியா பட்டினி கிடக்கும்? எங்களோடதை மட்டும் நிரப்பிட்டேன். விளிம்பு வரைக்கும்!"

அன்செல்மின் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"எதை ஊத்தினே?"

"பக்கத்துப் பீப்பாய்ல இருந்த சார்தொனே திராட்சை ஒயின். ருசி பார்த்துட்டுத்தான் ஊத்தினேன்."

"ருசி வேற பார்த்தாளாம்" என்றாள் மாமியார் ஒதெத்.

அன்செல்ம் கரண்டியைக் கீழே வைத்தார். "படலம் மூழ்கினா திரும்பக் கட்டும். ஆனா மஞ்சள்னா ஒரே திராட்சைதான், சவஞ்ஞன். வேற கலந்தாச்சுன்னா சட்டப்படி அந்தப் பேரே வைக்க முடியாது."

"அப்ப மேட்டுத் தோட்டம்?" என்றான் ரெஜிஸ்.

"அதையும் உன் பெண்டாட்டிய நிரப்பித் தரச் சொல்லு."

விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு லூசியென் அவளைக் கண்டதும் தன் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "வேணாம் தாயி, எனக்குப் பாதியே போதும்!" ஞானஸ்நானத் தொட்டி விளிம்புவரை தளும்பிய அன்று, "எலியெத் வந்துட்டுப் போனாளா?" என்று பாதிரியாரே கேட்டார்.

எலியெத் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் மாமனாரிடம் போய் நின்றாள்.

"கெட்டது கெட்டாச்சு மாமா. அந்தப் பீப்பாயை என்கிட்டயே விட்டுடுங்க. ரெண்டே வருஷம்."

"வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"நிரப்பப் போறேன்."

அன்செல்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை.

அவள் சனிக்கிழமை தவறாமல் நிரப்பினாள். இரண்டாம் கோடையில் குப்பிகளில் அடைத்தாள். ஜூலையில் அன்செல்மின் தம்பி குடும்பம் வந்தது. லூசியெனும் சேர, மேஜையில் பதினாலு பேர். ஓடையில் பிடித்த மீனை வெண்ணெயில் பொரித்திருந்தார்கள். மஞ்சள் ஒயின் பாலாடைக்கட்டியோடு கடைசியில்தான் வரும்; அதுவும் ஆளுக்கு ஒரு மடக்கு, தீர்த்தம் மாதிரி. அதுவரை தாகத்துக்கு இருக்கட்டும் என்று எலியெத் தன் குப்பிகளைக் கிணற்று நீரில் குளிரவைத்து மேஜையில் வைத்தாள். மீன் தீர்வதற்குள் பதினோரு குப்பி தீர்ந்தது. அன்செல்ம் முதல் இரண்டு கிளாஸை மருந்து குடிப்பவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மூன்றாவதில் சுளிக்க மறந்துவிட்டார்.

"இது மஞ்சள் இல்ல" என்றார்.

"இல்லதான் மாமா."

"ஆறு வருஷம் நிக்காது."

"ஆறு நாள் நின்னா அதிசயம்" என்றான் லூசியென், கடைசிச் சொட்டையும் வடித்துக்கொண்டே.

அடுத்த வாரம் அன்செல்ம் மகனையும் மருமகளையும் பத்திரம் எழுதுபவரிடம் கூட்டிப் போனார். மேட்டுத் தோட்டம் மஞ்சளுக்கு உரியது, சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். ஆனால் ஓடையோரமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. பனி கடிக்கும், யாரும் கேட்காத நிலம். அதை எலியெத்தின் பேருக்கு எழுதச் சொன்னார்.

"என் பேரு இல்லியாப்பா?" என்றான் ரெஜிஸ்.

"நீ எதை நிரப்பினே?"

ரெஜிஸுக்கு மஞ்சளாக்க வேறொரு பீப்பாயைக் கொடுத்தார். கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. மேட்டுத் தோட்டம் கைக்கு வரும்வரை, ஆறு வருஷம் மூன்று மாதம், அவன் தன் மனைவியின் நிலத்தில் வேலை பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு விட்டுவிடுவாள், நல்ல முதலாளி என்று லூசியெனிடம் சொல்லிக்கொள்வானாம்.