நாற்பத்தொரு கருத்துகளும் ஒரு கடிதமும்

என் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் 'வாசகர் கருத்து' என்று ஒரு பகுதி இருக்கும். அதைப் படித்து மயங்கி யாராவது புத்தகத்தை வாங்கியிருந்தால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கருத்துகளை எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

நான் எழுதுவது சிறுவர்களுக்கான விண்வெளிக் கதை. செடெனாக் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் விண்கப்பலை நான்கு பிள்ளைகள் கண்டெடுக்கிறார்கள். ஓர் அக்கா, இரண்டு தம்பிகள், கடைக்குட்டியாக ஒரு தங்கை. கப்பலில் ஏறிக் கோள் கோளாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள். இதுவரை மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. பத்து பாகாட் என்ற ஊரில், துணி ஆலை ஒன்றில் எனக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பிழை பிடிப்பது. அந்த வேலைக்குக் கிளம்பும் முன், காலையில் சோறு வேகும் நேரத்தில் எழுதிய கதைகள் இவை.

முதல் புத்தகத்தின் வெளியீட்டு விழாவில் நூலாய்வு செய்ய வந்தவர் அரை மணி நேரம் பேசினார். தாய்மொழியின் பெருமையைப் பேசினார். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று கிடப்பதைப் பேசினார். என் புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டி, "இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவை" என்றார். எத்தகைய முயற்சி என்று அவருக்கே தெரியாது. விண்கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எல்லாரும் மீகோரேங் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நம் ஆட்களுக்குப் புத்தகம் என்றால் அவ்வளவுதான். போர்த்திவிட்டால் கடமை முடிந்தது.

பள்ளிகளில் வேறு முறை. குளுவாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு ஆசிரியை ஒருவர் என் புத்தகங்களை மொத்தமாக வாங்கி வகுப்பில் கொடுத்தார். நல்ல பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகள் இன்னும் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்திருக்கும். மூன்று புத்தகங்களையும் கொடுத்த பிறகு, பிள்ளைகளிடம் கருத்து எழுதி வாங்கி எனக்குத் தபாலில் அனுப்பினார். ஒரு கட்டு. மொத்தம் நாற்பத்திரண்டு.

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 'மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களே, தாங்கள் எழுதிய நூல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்நூலின்வழி நான் பல நற்பண்புகளைக் கற்றுக்கொண்டேன். தாங்கள் மேலும் பல நூல்களை எழுத வாழ்த்துகிறேன்.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. கையெழுத்து மாறியது, மையின் நிறம் மாறியது, வாசகம் மட்டும் மாறவில்லை. வெண்பலகையில் ஆசிரியை எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எழுத்தாளரின் மனம் கோணக்கூடாது என்ற நல்லெண்ணம்தான், வேறொன்றுமில்லை.

எனக்கு அது புதிதல்ல. ஆனாலும் நாற்பத்தொன்றையும் விடாமல் படித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, படிக்கப் படிக்கச் சுகமாகவும் இருந்தது. பொய்யென்று தெரிந்தும் நாற்பத்தொரு முறை 'மிகவும் பிடித்திருந்தது' என்று படித்தால் மனிதருக்குக் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும்.

நாற்பத்திரண்டாவது, பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாள். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, அடியில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் இருந்தது.

'வணக்கம். மூன்று புத்தகமும் படித்தேன். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன' என்று தொடங்கியது. அக்கா மூன்று புத்தகத்திலும் சோறு மட்டும்தான் ஆக்குகிறாள், அவளுக்குத்தானே வயது அதிகம், ஏன் அவளிடம் கப்பலை ஓட்டக் கொடுக்கவில்லை? இரண்டாவது புத்தகத்தில் உடைந்த கண்ணாடி அடுத்த அத்தியாயத்திலேயே எப்படி நன்றாக இருக்கிறது? வேற்றுக்கோள் ஆட்கள் ஏன் நம் தலைமையாசிரியரைப் போலவே பேசுகிறார்கள்? இப்படிப் போய், கடைசிப் பக்கத்தில் இது இருந்தது:

'முதல் புத்தகத்தில் தங்கச்சியை ஒரு பாறை ஓரமாக உட்காரவைத்து, காற்றுக் குப்பிகளைப் பார்த்துக்கொள், பத்து நிமிடத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறகு புயல் வருகிறது, கப்பல் கிளம்பிவிடுகிறது. இரண்டாவது புத்தகத்தில் அவள் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. யாரும் அவளைத் தேடவில்லை. அழவும் இல்லை. நான் நாள்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது புத்தகம் முடியும்போது அவள் அங்கே நூற்று நாற்பது நாள் இருந்திருக்கிறாள். நீங்கள் மறந்துவிட்டீர்களா? இல்லை, அவள் இறந்ததைச் சொல்ல விருப்பமில்லையா?'

முதலில் வந்தது கோபம்தான். பத்து வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று நினைத்தேன். சோறு ஆக்குகிறாளாம், கண்ணாடி உடைந்ததாம். ஓசியில் கிடைத்த புத்தகத்துக்கு இத்தனை நொட்டைச் சொல்லா? தங்கச்சி விஷயத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே மற்றதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியையைக் கூப்பிட்டேன். பாராட்டித்தான் ஆரம்பித்தேன்.

"டீச்சர், பிள்ளைங்க எழுதுனது எல்லாம் வந்துச்சு. ரொம்ப சந்தோஷம். ஒண்ணு மட்டும்… அந்தப் பொண்ணு யாரு டீச்சர்? வாய் கொஞ்சம் நீளம் போலருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எந்தப் பொண்ணு அக்கா? என்ன எழுதியிருந்தா?"

ஒன்று விடாமல் சொன்னேன்.

"அலமாக், ஐயய்யோ! நான் பாக்காம கட்டிட்டேன் அக்கா. எல்லாரும் எழுதுன அன்னைக்கு அவ காய்ச்சல்னு வரல. வீட்டுலேர்ந்து எழுதிட்டு வான்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

"பரவால்ல டீச்சர், சின்னப் பிள்ளதானே" என்றேன். பேச வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆசிரியை என் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். கோடு போட்ட புதுத் தாளில் அதே பிள்ளையின் கையெழுத்து. 'மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களே, தாங்கள் எழுதிய நூல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்நூலின்வழி உடன்பிறந்தவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.' கீழே ஆசிரியை, 'இப்போ சரியா இருக்கா அக்கா' என்று கேட்டிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். நடந்ததை அவரிடம் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டு, அந்தக் கிழித்த தாள்களையும் காட்டினேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"சரியாதானே கேட்டிருக்கா" என்றார்.

"என்ன சரி?"

"அந்தச் சின்னப் பிள்ள எங்க போச்சு? நீ எழுதவே இல்லியா?"

நான் அவர் கையிலிருந்து தாள்களை வாங்கி மடித்தேன்.

"மூணு புக்கு போட்டிருக்க. ஒருத்தியாச்சும் ஒழுங்கா படிச்சிருக்காளே லா. அதுக்குப் போயி டீச்சர்கிட்ட கோள் மூட்டுனியா?"

"நீங்க மட்டும் படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? உன்கூட குடும்பம் நடத்துறது பத்தாதா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் குளித்து வருவதற்குள் மூன்று புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு புரட்டினேன். நடந்தது இதுதான். இரண்டாவது புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் கப்பலுக்குள் மூன்று இருக்கைகள் மட்டும் வரைந்து அனுப்பினார். மறுபடி வரையச் சொன்னால் விழாத் தேதி தள்ளிப்போகும். மண்டபம் பிடித்தாயிற்று, அழைப்பிதழ் போயாயிற்று. சரி, மூன்று பேர் என்றே இருக்கட்டும் என்று தங்கச்சியின் வசனங்களை எடுத்து அண்ணன்மாருக்குக் கொடுத்துவிட்டேன். முதல் புத்தகத்தில் அவளைப் பாறை ஓரத்தில் உட்காரவைத்தது அப்போது நினைவிலேயே இல்லை. அணிந்துரை எழுதியவர் கண்டுபிடிக்கவில்லை. நூலாய்வு செய்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. ஒரே ஒரு பெண் காய்ச்சலில் படுத்துக்கொண்டு படித்து, கதைக்குள் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். நாள் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அவளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக எந்த வாசகருக்காகக் காத்திருந்தேனோ, அந்த வாசகர் வந்திருக்கிறார். வந்தவரை நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு காடியை ஓட்டிக்கொண்டு குளுவாங் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. நான்தான் உன்னைப் பற்றிப் புகார் சொன்னேன், அது தப்பு. நாலாவது புத்தகத்தில் அவளைத் தேடிப் போகிறோம், நீ முதலில் படித்துப் பார்த்துச் சொல்கிறாயா? இதைச் சொல்லிவிட்டால் போதும், அவள் எனக்கு மறுபடி எழுதுவாள் என்று நம்பினேன்.

நூலகத்தில் என்னை உட்காரவைத்து, ஆசிரியை அவளைக் கூட்டிவந்தார். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆசிரியை வெளியே போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆண்ட்டிக்கு வணக்கம் சொல்லு."

"வணக்கம் ஆண்ட்டி. உங்கள் நூல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது."

"நீ மொதல்ல எழுதுனியே ஒரு லெட்டர், அதுதாம்மா எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

அவள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். பெரிய மனசு பண்ணி நான் அப்படிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு புன்னகைத்தார்.

"நெஜமாத்தான் சொல்றேன். தங்கச்சிய நான் மறந்துதான் போயிட்டேன். நீதான் கண்டுபிடிச்ச."

"இல்ல ஆண்ட்டி" என்றாள். "நான் சரியா படிக்கல."

"நூத்து நாப்பது நாள்னு கணக்கெல்லாம் போட்டிருந்தியேம்மா."

"தப்பா போட்டுட்டேன் ஆண்ட்டி."

"பாத்தீங்களா அக்கா, அவளே ஒத்துக்கிட்டா" என்றார் ஆசிரியை. "நல்ல பிள்ளதான். கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்."

நான் சொல்லவேண்டியதைச் சொல்லும் இடம் அதுதான். கோள் சொன்னது நான், வெட்கப்படவேண்டியதும் நான், நீ கையைக் கட்டாதே என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் ஆசிரியையின் முகம் என்னாகும் என்று யோசித்தேன். என் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கியவர் ஆயிற்றே என்று யோசித்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் யோசிக்கவில்லை.

"அவள தேடிப் போற மாதிரி அடுத்த கதை எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க விருப்பம் ஆண்ட்டி."

மூன்று பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அவள் சலாம் செய்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பிய ஆசிரியை, "நாலாவது புக்கு வந்தா சொல்லுங்க அக்கா, இந்தத் தடவ எல்லாரையும் என் கண்ணு முன்னாலயே எழுத வெக்கிறேன்" என்றார். சரி என்றேன்.

நாலாவது புத்தகத்தை எழுதி முடித்துவிட்டேன். அதில் அக்காதான் கப்பலை ஓட்டுகிறாள். தங்கச்சியைத் தேடிப் போகிறார்கள், கண்டுபிடித்தும் விடுகிறார்கள். இத்தனை நாள் அந்தக் காற்றுக் குப்பிகளோடு மட்டும் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதற்கு ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். அந்தக் காரணம் நிற்குமா நிற்காதா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து முறை படித்துவிட்டேன், தெரியவில்லை. சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை இனி நம்பிக் கேட்க முடியாது. என்ன கேட்டாலும் நன்றாக இருக்கிறது ஆண்ட்டி என்றுதான் சொல்வாள்.